நடுக்கடலில் தீ: இரு பாய்மரக் கப்பல்களின் வரலாறு

புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கடற்பயணத்தை நம் பங்கு மக்கள் நன்கு அறிவார்கள். அப்போஸ்தலர் பணி நூலின் 27-ஆம் அதிகாரம் அதை விரிவாகச் சொல்கிறது. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். பதினான்கு நாள் ஓயாத புயல். கரை நெருங்கியதை உணர்ந்த மாலுமிகள், நங்கூரம் போடப் போவதாகப் பாசாங்கு செய்து, படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிவிடப் பார்த்தார்கள். அவர்கள் போய்விட்டால் மற்றவர்கள் பிழைக்க வழியில்லை என்று சின்னப்பர் நூற்றுவர் தலைவனை எச்சரித்தார். உடனே படைவீரர்கள் படகின் கயிற்றை அறுத்து அதைக் கடலில் விட்டார்கள். முடிவில் 276 பேரும் உயிரோடு மால்த்தா கரை சேர்ந்தார்கள்.

சிலர் மட்டும் தப்ப முயன்றால் எல்லாரும் அழிவர். எல்லாரையும் காக்க நினைத்தால் பலர் பிழைப்பர். இவ்வுண்மையைக் கடல் பலமுறை மனிதனுக்குக் கற்பித்திருக்கிறது. பாடம் கற்பிக்கப் புயலைவிடக் கொடிய ஆசிரியர் ஒருவர் உண்டு. அதுதான் நடுக்கடலில் பற்றும் தீ. 19-ஆம் நூற்றாண்டில் தீக்கிரையான இரண்டு பாய்மரக் கப்பல்களின் கதையை இவ்விழா மலரில் நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம். ஒன்று வங்காளத்திற்குப் புறப்பட்ட ‘கென்ட்’. மற்றொன்று பர்மாவின் தேக்கில் உருவாகி, இந்தியக் கடல்களில் ஓடி வளர்ந்த ‘காஸ்பாட்ரிக்’. முதற்கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தனர். இரண்டாவதில் பிழைத்தவர்கள் மூவரே. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதே நம் கேள்வி.

மரக்கப்பலும் நெருப்பும்

சுற்றிலும் தண்ணீர் இருக்கக் கப்பலில் தீப்பிடித்தால் அணைப்பது எளிதுதானே என்று உள்நாட்டில் இருப்பவர்கள் எண்ணக்கூடும். கடலோரத்து மக்களாகிய நாம் அவ்வாறு எண்ணமாட்டோம். அந்நாளைய கப்பல் முழுவதும் எரிபொருளே. உடல் மரம். பலகைகளின் இடுக்குகளில் அடைத்திருப்பது சணல் பஞ்சு. அதன்மேல் உருக்கி ஊற்றியிருப்பது கீல். கயிறுகள் எல்லாம் தாரில் தோய்ந்தவை. மேலே காய்ந்த பாய்கள். உள்ளே சரக்கறையில் எண்ணெயும் சாராயமும் வார்னிஷும் வெடிமருந்தும். இத்தனைக்கும் நடுவே, இருட்டறையில் வேலை செய்ய ஒருவன் கையில் விளக்கோடு இறங்க வேண்டும். மின்விளக்கு இல்லாத காலத்தில் வேறு வழி ஏது?

தீ பற்றிய பின் பெரிய எதிரி காற்று. முன்புறமாகிய அணியத்தில் தீப்பிடித்தால், காற்று பின்னாலிருந்து வீசும்படி கப்பலைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் நெருப்பும் புகையும் முன்னோக்கிப் போகும்; பின்புறமாகிய அமரத்தில் மக்கள் நிற்கலாம். திருப்பத் தவறினால் காற்றே நெருப்பைக் கப்பலின் நீளம் முழுவதும் இழுத்துவிடும். தண்ணீரை உள்ளே விட்டு அணைக்கலாம் என்றால், அளவு மீறும்போது கப்பல் மூழ்கிப் போகும். எரிந்து சாவதா, மூழ்கிச் சாவதா என்ற இரண்டு வாயில்களுக்கு நடுவேதான் அக்கப்பல் தலைவர்கள் நின்றார்கள்.

கை தவறிய ஒரு விளக்கு

‘கென்ட்’ ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்திற்கு ஓடிய பெருங்கப்பல். 1,350 டன் கொள்ளளவு. கட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தலைவர் கேப்டன் ஹென்றி காப். வங்காளத்திற்கும் அங்கிருந்து சீனத்திற்கும் செல்வதற்காக 1825 பிப்ரவரி 19-ஆம் நாள் அது இங்கிலாந்தின் கரையை விட்டது. இந்தியாவில் பணியாற்றச் சென்ற 31-ஆம் படைப்பிரிவின் அதிகாரிகள் 20 பேர், வீரர்கள் 344 பேர், அவர்களுடைய மனைவியர் 43 பேர், குழந்தைகள் 66 பேர், பிற பயணிகள் 20 பேர், கப்பல் பணியாளர் 148 பேர் ஆக 641 உயிர்கள் அதில் இருந்தன.

பிஸ்கே விரிகுடாவில் பிப்ரவரி 28 அன்று தென்மேற்கிலிருந்து கடும்புயல் எழுந்தது. சரக்கறையில் இருந்த பல நூறு டன் பீரங்கிக் குண்டுகளின் கனத்தால் கப்பல் பக்கத்துக்குப் பக்கம் பயங்கரமாக உருண்டது. மறுநாள் மார்ச் 1, நண்பகலுக்கு முன்னர், உள்ளே சரக்குகள் இடம்பெயர்ந்து விட்டனவா என்று பார்க்க ஓர் அதிகாரி இரண்டு மாலுமிகளுடன் இறங்கினார். கையில் மூடிய பாதுகாப்பு விளக்கு இருந்தது. சாராயப் பீப்பாய் ஒன்று கட்டவிழ்ந்து கிடக்கக் கண்டார். அதற்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகள் எடுத்துவர மாலுமிகளை அனுப்பிவிட்டு, தாம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்நேரம் கப்பல் ஒரே உலுக்கலாகச் சாய்ந்தது. விளக்கு கை நழுவியது. அதைப் பிடிக்கப் பாய்ந்தவர் பீப்பாயை விட்டுவிட்டார். பீப்பாய் உடைந்தது, சாராயம் பரவி விளக்கைத் தொட்டது. அவ்வளவுதான்.

கவனியுங்கள்: அவர் அசட்டையாக இருந்தவர் அல்லர். கடமையைச் செய்யத்தான் இறங்கினார். ஆபத்தைத் தடுக்கப் போன இடத்திலேயே ஆபத்து பிறந்தது. ஆகவே ‘யார் குற்றம்’ என்று கேட்டுக்கொண்டிருக்க அன்று நேரமும் இல்லை, பயனும் இல்லை.

தண்ணீர் இறைத்தார்கள். நனைந்த பாய்களையும் தூக்குப் படுக்கைகளையும் தீயின்மேல் போட்டார்கள். பலிக்கவில்லை. நங்கூரக் கயிறுகள் சுருட்டி வைத்த அறையைத் தீ எட்டியதும், கீல் எரியும் கரும்புகை நான்கு வாயில்களிலும் பொங்கி எழுந்தது. கேப்டன் காப் அப்போது துணிகரமான ஒரு முடிவெடுத்தார். கீழ்த்தளத்தின் பக்கவாய்களைத் திறந்து கடலையே உள்ளே விடச் சொன்னார். வெள்ளம் பாய்ந்தது. வெடிமருந்து அறை உடனே வெடிக்கும் அபாயம் தள்ளிப்போனது. ஆனால் கப்பல் மூழ்கத் தொடங்கவே, மீண்டும் வாய்களை அடைக்க வேண்டியதாயிற்று. அந்தோ! கீழே நோயுற்றுக் கிடந்த வீரர் சிலரும், மேலே ஓடிவர முடியாத ஒரு பெண்ணும் குழந்தைகள் சிலரும் அதற்குள் மாண்டு போயினர்.

மேல்தளத்தில் ஐந்நூறு அறுநூறு பேர் கூடி நின்றார்கள். சிலர் முழந்தாளிட்டுச் செபித்தார்கள். சிலர் வாய்விட்டு அழுதார்கள். வயது முதிர்ந்த மாலுமிகள் சிலர், வேதனை நீடிக்காமல் சாவு ஒரு நொடியில் வரட்டும் என்று, வெடிமருந்து அறைக்கு நேர் மேலே போய் மௌனமாக உட்கார்ந்தார்கள். அறை ஒன்றில் அதிகாரிகளின் மனைவியரும் மகளிரும் வேத வசனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். படைப்பிரிவின் மேஜர் டங்கன் மக்கிரெகர் தம் தந்தைக்குப் பென்சிலால் நாலைந்து வரி எழுதி, ஒரு புட்டியில் அடைத்து வைத்தார். அப்புட்டி கடலில் மிதந்து அட்லாண்டிக்கைக் கடந்து, 1826-ஆம் ஆண்டில் பார்படோஸ் தீவின் கரையில் கண்டெடுக்கப்பட்டது. எழுதியவர் அதற்குள் உயிரோடு ஊர் திரும்பியிருந்தார். எவ்வாறு?

திரும்பி வந்த சிறு கப்பல்

நம்பிக்கையற்ற அந்த நேரத்தில், நான்காம் நிலை அதிகாரி ஒரு மாலுமியை முன்பாய்மரத்தின் மேல் ஏற்றி, ஏதேனும் பாய் தென்படுகிறதா என்று பார்க்கச் சொன்னார். மேலேறியவன் நாற்புறமும் பார்த்தான். கீழே அத்தனை கண்களும் அவனையே நோக்கின. திடீரென்று தொப்பியை வீசி, காற்றடிக்கும் திசையில் ஒரு பாய் தெரிகிறதென்று கூவினான்!

அது ‘காம்பிரியா’. 200 டன் மட்டுமே கொண்ட இரட்டைப் பாய்மரச் சிறுகப்பல். தலைவர் குக். மெக்சிக்கோ நாட்டின் வெராக்ரூஸ் துறைமுகத்திற்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிச் சுரங்கங்களில் வேலை செய்யச் சென்ற கார்ன்வால் நாட்டுத் தொழிலாளர் ஒரு குழுவினர் அதில் இருந்தனர். புயலில் தன்னைக் காத்துக்கொள்வதே அச்சிறு கப்பலுக்குப் பெரும்பாடு. ஆயினும் புகையைக் கண்ட கேப்டன் குக், அபாயக் கொடியை அடையாளம் கண்டு, கப்பலைத் திருப்பினார்.

எரியும் கப்பலில் குண்டு நிறைத்த பீரங்கிகள் இருந்தன. சூடேறி அவை தாமாகவே வெடிக்கும். வெடிமருந்து அறை எந்நேரமும் வெடிக்கலாம். ஆகவே ‘காம்பிரியா’ சற்றுத் தொலைவிலேயே நிற்க வேண்டியிருந்தது. நடுவில் மலைபோன்ற அலைகளின் மேல் ‘கென்ட்’டின் படகுகள் போய்வர வேண்டும். ஒரு நடைக்கு இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று.

இங்கேதான் கேள்வி எழுந்தது: யார் முதலில்? படைப்பிரிவின் தலைவர் லெப்டினண்ட் கர்னல் ஃபியரன் தயங்கவில்லை. முதலில் பெண்களும் குழந்தைகளும். அவர்களுக்கு முன் படகில் கால்வைக்கத் துணிபவன் வெட்டப்படுவான் என்று உத்தரவாயிற்று. வாள் உருவிய அதிகாரிகள் காவல் நின்றார்கள். அதிகாரிகள் எந்த வரிசையில் இறங்குவது என்று கேட்டபோது, சவ ஊர்வலத்தின் வரிசையில், அதாவது இளையவர் முன்னும் மூத்தவர் பின்னுமாக, என்று முடிவாயிற்று. பதவி பெரிதாகப் பெரிதாக ஆபத்தில் நிற்கும் நேரமும் நீண்டது. மறையுரைகளில் நாம் அடிக்கடி கேட்கும் ‘முதல்வன் கடையனாகட்டும்’ என்ற படிப்பினை அன்று ஓர் எரியும் கப்பலில் சட்டமாக இருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் முதற்படகு இறங்கியது. ‘காம்பிரியா’வின் அருகே அது சென்றபோது, படகிலிருந்து முதலில் தூக்கிக் கொடுக்கப்பட்டவன் மேஜர் மக்கிரெகரின் கைக்குழந்தை. பிறந்து ஐந்தே வாரம்.

ஆனால் அடுத்த நடையிலிருந்து படகுகள் எரியும் கப்பலின் பக்கத்தில் அணைய இயலவில்லை. அமரத்திலிருந்து கயிற்றில் கட்டி, தாய்மாரையும் பிள்ளைகளையும் இரண்டிரண்டு பேராக இறக்கினார்கள். படகு அலையில் உயர்ந்து தாழ, கயிற்றில் தொங்கியவர்கள் மீண்டும் மீண்டும் கடலுக்குள் அமிழ்ந்தார்கள். பல குழந்தைகள் தாயின் மார்பிலேயே உயிர் விட்டன. மனைவியரின் பாரத்தைக் குறைக்க எண்ணிய வீரர் சிலர், தம் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கடலில் குதித்தார்கள், அவர்களைக் காக்கும் முயற்சியிலேயே மாண்டார்கள். ஆறு படகுகளில் மூன்று அன்று மாலைக்குள் உடைந்தும் கவிழ்ந்தும் போயின.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘காம்பிரியா’வை அடைந்த ‘கென்ட்’ மாலுமிகளில் சிலர், திரும்பிப் போக மறுத்தார்கள். தாங்கள் பிழைத்தது போதும் என்று நினைத்தார்கள் போலும். கேப்டன் குக் உறுதியாக நின்றார்: மற்றவர்களை அழைத்துவரப் போகாதவனுக்குத் தம் கப்பலில் இடமில்லை என்றார். அவர்கள் மீண்டும் துடுப்பைப் பிடித்தார்கள். சின்னப்பரின் எச்சரிக்கையைக் கேட்டுப் படகின் கயிற்றை அறுத்த வீரர்களை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

படகு வந்து அணையும் ஒவ்வொரு முறையும் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கப்பலின் வெளிப்புறத்தில் தொற்றி நின்றார்கள். பாறை உடைத்துப் பழகிய தோள்கள் அவர்களுடையவை. அலை படகை உயர்த்தும் அந்த ஒரு கணத்தில் ஒவ்வொருவராகப் பற்றி மேலே இழுத்துப் போட்டார்கள். பின்பு தங்கள் உடைகளையும் படுக்கைகளையும் உணவையும் கொடுத்தார்கள். கார்ன்வாலில் அந்நாளில் பெரும்பாலோர் நம் பிரிந்த சகோதரர்களின் சபைகளைச் சேர்ந்தவர்கள். நல்ல சமாரித்தனைப் பற்றிச் சொன்ன ஆண்டவர், அவன் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று கேட்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம்.

ஃபால்மத் கரையில்

இருள் சூழ்ந்தது. தீ உயர்ந்தது. கேப்டன் காப் கடைசிவரை நின்றார். அமரத்தின் பின்னே கடலுக்கு மேல் நீண்டிருந்த பாய்க்கட்டையின் வழியே ஊர்ந்து, கயிற்றில் இறங்கித்தான் படகை அடைய முடியும். அச்சத்தால் உறைந்துபோன சிலர் எவ்வளவு கெஞ்சியும் இறங்க மறுத்தார்கள். இயன்றதெல்லாம் செய்த பின்னரே அவர் கப்பலை விட்டார். நள்ளிரவுக்குப் பின், மார்ச் 2-ஆம் நாள் அதிகாலை, தீ வெடிமருந்து அறையை எட்டியது. பெரும் முழக்கத்துடன் ‘கென்ட்’ சிதறியது.

அந்த வெடிப்பின் ஒளியைத் தொலைவிலிருந்து கண்ட இன்னொரு கப்பல் உண்டு. எகிப்திலிருந்து லிவர்பூலுக்குச் சென்ற ‘கரோலைன்’. அதன் தலைவர் பிபி அவ்விடம் தேடி வந்து, மிதந்த பாய்மரத் துண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்த 14 பேரை இருளிலேயே மீட்டார்.

‘காம்பிரியா’வில் நிற்கவும் இடமில்லை. எட்டுப் பத்துப் பேருக்கான ஓர் அறையில் எண்பது பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அந்த நெருக்கத்திலேயே ஒரு வீரனின் மனைவிக்கு ஆண்குழந்தை பிறந்தது. அவனுக்குக் கப்பலின் பெயரையே வைத்தார்கள். புயற்காற்று சாதகமாகவே வீசியதால், மார்ச் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி கப்பல் கார்ன்வாலின் ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தது. வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசைக்கு மாறிற்று. முன்பே மாறியிருந்தால் அத்தனை பேரும் பசியாலேயே மாண்டிருப்பர். ஃபால்மத் மக்கள் உடையும் உணவும் தங்க இடமும் கொடுத்து அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். 641 பேரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80 பேர். மற்ற அனைவரும் பிழைத்தனர்.

முதலில் மீட்கப்பட்ட அந்த ஐந்து வாரக் குழந்தை என்ன ஆனான் தெரியுமா? ஜான் மக்கிரெகர் என்ற பெயருடன் வளர்ந்தான். ‘ராப் ராய்’ என்ற தன் சிறு துடுப்புப் படகில் 1865-ல் ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் தனியே சுற்றி, அதைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றார். எழுத்தாலும் சொற்பொழிவாலும் வந்த வருவாயை அறச்செயல்களுக்கு வழங்கினார். கடலில் தத்தளிப்போரை மீட்கும் படகுச் சங்கமும் அவற்றுள் ஒன்று. 1892-ல் காலமானார். கடலில் பெற்ற கடனைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

தேக்கு மரக்கலம் ‘காஸ்பாட்ரிக்’

இனி, சொல்லவும் கை நடுங்கும் இரண்டாம் வரலாறு. ‘காஸ்பாட்ரிக்’ 1856-ல் பர்மாவின் மோல்மேனில், அந்நாட்டுத் தேக்கால் கட்டப்பட்டது. சுமார் 1,200 டன். பல ஆண்டுகள் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே பயணிகளையும் படைகளையும் சரக்கையும் ஏற்றி ஓடியது. 1860-களில் பாரசீக வளைகுடாவில் தந்திக் கம்பி பதிக்கும் வேலையிலும் ஈடுபட்டது. உறுதியான கலம், நற்பெயர் பெற்ற கலம்.

1874 செப்டம்பரில் அது தேம்ஸ் ஆற்றிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குப் புறப்பட்டது. குடியேறச் சென்றவர்கள் நானூறுக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் ஏழை விவசாயக் கூலிகளும் அவர்களின் குடும்பங்களும். நியூசிலாந்து அரசு இலவசமாக அழைத்ததால், நிலமும் நல்வாழ்வும் தேடிப் புறப்பட்டவர்கள். கப்பல் பணியாளர் நாற்பதுக்கு மேற்பட்டோர். தலைவர் அலெக்சாண்டர் எல்ம்ஸ்லி தம் மனைவியையும் சிறு மகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். நம் மக்களும் அக்காலத்தில் இப்படித்தான் கடல் கடந்தார்கள். சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக ஏறியவர்கள் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கினர். ஏழையின் பயணம் எந்நாட்டிலும் ஒன்றுதான்: கீழ்த்தளத்து இருட்டு, நெருக்கடி, கடவுள் விட்ட வழி.

நவம்பர் 17-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே நெடுந்தொலைவில், ‘தீ’ என்ற கூக்குரல் எழுந்தது. அணியத்தில் தாரும் பெயிண்டும் கயிறும் வைக்கும் அறைப்பக்கமிருந்து புகை வந்தது. சரக்கறையிலோ ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் வார்னிஷும் சாராயமும் இருந்தன. காற்றைப் பின்னால் வாங்கும்படி கப்பலைத் திருப்ப முயன்றார்கள், முடியவில்லை. கப்பலின் முகம் காற்றை நோக்கித் திரும்பிவிட்டது. நாம் முன்பு சொன்ன பேராபத்து அதுவே. காற்று நெருப்பை அணியத்திலிருந்து அமரம் வரை இழுத்தது. முன்புறப் படகுகள் எரிந்தன. உறக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த மக்கள் ஒரு படகில் பாய்ந்து ஏற, அது பாரம் தாங்காமல் கவிழ்ந்து, அதிலிருந்த எண்பது பேரளவும் மூழ்கினர்.

இரண்டு படகுகளே கப்பலை விட்டு விலகின. அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். குடிநீர் இல்லை, உணவு இல்லை, பாய் இல்லை. நிலை அதிகாரி ஹென்றி மக்டொனால்டின் படகில் துடுப்பு ஒன்றே ஒன்று. கப்பலோ உடனே மூழ்கவில்லை. நவம்பர் 19-ஆம் நாள் வரை எரிந்தது. படகில் இருந்தவர்கள் உதவ வழியின்றி அருகே மிதந்து, அத்தனையும் கண்டார்கள். கடைசியில் கேப்டன் எல்ம்ஸ்லி தம் மனைவியைக் கடலில் இறக்கித் தாமும் குதித்தார்.

சில நாளில் படகுகள் இரண்டும் பிரிந்தன. ஒன்றைப் பின் எவரும் காணவில்லை. மற்றொன்றில் தாகத்தாலும் பசியாலும் சித்தம் கலங்கி ஒவ்வொருவராக மடிந்தனர். அங்கு நேர்ந்த கொடுமைகளை இப்புனித மலரில் விவரிக்க நாம் விரும்பவில்லை. நவம்பர் 27 அன்று, கல்கத்தாவிலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டி நகருக்குச் சென்ற ‘பிரிட்டிஷ் செப்டர்’ என்ற கப்பல் அப்படகைக் கண்டது. ஐந்து பேர் உயிரோடு இருந்தனர். இருவர் மீட்கப்பட்ட பின்னும் பிழைக்கவில்லை. மக்டொனால்டும் இரண்டு மாலுமிகளும் செயிண்ட் ஹெலினா தீவில் இறங்கினார்கள். ஏறத்தாழ 470 பேரில் எஞ்சியவர்கள் அம்மூவரே. குடியேறச் சென்றவர்களில் ஒருவரும் இல்லை.

வேறுபாடு எதனால்?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ‘கென்ட்’ பகலில் எரிந்தது, ‘காஸ்பாட்ரிக்’ நள்ளிரவில். முன்னது கப்பல்கள் நடமாடும் கடல், பின்னது வெறுங்கடல். முன்னதில் கட்டளைக்குப் பழகிய வீரர்கள். பின்னதில் கடலையே அறியாத ஏழைக் குடும்பங்கள். உறக்கம் கலைந்து நெருப்பைக் கண்ட தாய்மாரும் தந்தைமாரும் பதறியதைக் குறைகூற நாம் யார்?

ஆனால் மனிதர் முன்னரே செய்திருக்கக் கூடியது ஒன்று இருந்தது. ‘காஸ்பாட்ரிக்’ கப்பலின் படகுகள் அனைத்தும் பழுதின்றிக் கடலில் இறங்கியிருந்தாலும், அதிலிருந்தவர்களில் பாதிப்பேரைக்கூட ஏற்றியிருக்க முடியாது. இதில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதே கொடுமை. அந்நாளைய ஆங்கிலச் சட்டம் ஒரு கப்பலுக்கு எத்தனை படகு வேண்டும் என்பதை அதன் டன் அளவைக் கொண்டு கணக்கிட்டது. அதில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று கேட்கவில்லை. மரத்தையும் சரக்கையும் அளந்தார்கள், மனிதரை எண்ணவில்லை. விபத்துக்குப் பின் நடந்த விசாரணை, எவரோ மூடாத விளக்கோடு சரக்கறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்ததால் தீப்பற்றியிருக்கலாம் என்று கருதியது. இங்கிலாந்தே கலங்கியது, பத்திரிகைகள் எழுதின. எனினும் அந்தக் கணக்கு அடியோடு மாறவில்லை. 1912-ல் ‘டைட்டானிக்’ மூழ்கியபோதும் படகுகள் சட்டப்படி சரியாகவே இருந்தன, மக்களுக்குத்தான் போதவில்லை. அதன் பிறகே, 1914-ல் இலண்டனில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, கப்பலில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் படகில் இடம் வேண்டும் என்று விதித்தது. ‘காஸ்பாட்ரிக்’ ஏழைகள் மடிந்து 40 ஆண்டுகள் கழித்து!

நமக்கு இது சொல்வது

கோவிலில் மக்கள் கூடும் நடுப்பகுதியை ஐரோப்பிய மொழிகளில் ‘கப்பல்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அழைப்பது வழக்கம். திருச்சபையைப் படகாகவும், தேவ அன்னையைக் கடலின் விண்மீனாகவும் நம் முன்னோர் கண்டனர். கடலோடிகளுக்குப் பணிபுரியும் கடல் அப்போஸ்தலிக்க சபை 1920-ல் கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்டு, 1922-ல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதரின் ஒப்புதல் பெற்றது. ஆகவே கப்பலின் கதை பங்கின் கதையும்தான்.

விழாக்கொண்டாடும் இவ்வேளையில் மூன்று காரியங்களை நாம் நினைவில் கொள்ளலாம். முதலாவது, விளக்கு. இன்று நம் விசைப்படகுகளில் டீசலும் எரிவாயு அடுப்பும் உள்ளன. நாள் பல தங்கித் தொழில் செய்யும் படகில் ஒரு சிறு பொறியும் ‘கென்ட்’டின் விளக்குதான். இரண்டாவது, எண்ணிக்கை. ஏறுகிறவர்கள் எத்தனை பேரோ, அத்தனை உயிர்காப்பு உடை படகில் இருக்கின்றனவா என்று கரையிலேயே எண்ணிப் பார்ப்பது கடவுள்மேல் நம்பிக்கை இல்லாமை ஆகாது. பிறர்மேல் நமக்குள்ள அன்பு அது. மூன்றாவது, வரிசை. பஞ்சத்திலும் வெள்ளத்திலும் நோயிலும், கோவில் அன்னதானப் பந்தியிலும்கூட, யார் முதலில் என்ற கேள்வி எழும். பெரியவர் கடைசியில் நிற்கும் இடத்தில் சிறியவர் பிழைப்பர்.

எல்லாவற்றுக்கும் மேலாக ‘காம்பிரியா’வை மறவாதிருப்போம். இருநூறு டன் கப்பல் 550 பேரளவு அந்நியரை ஏற்றுக்கொள்ள முடியும் என்று அதன் தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், தன் வழியே வெராக்ரூசுக்குப் போயிருப்பார். அவர் கணக்குப் போடவில்லை, திரும்பினார். நம் கடற்கரையிலும் ஒரு படகு தத்தளிக்கும் செய்தி வந்தால், வலையை விட்டுவிட்டுத் தேடப் போகும் வழக்கம் உண்டு. அதைப் படிப்பு அறியாத நம் பாட்டன்மார் நமக்கு விட்டுச்சென்றார்கள். அவ்வழக்கம் நம் பிள்ளைகளிடமும் நிலைத்திருக்கட்டும்.

கடலில் எரிந்தும் மூழ்கியும் மாண்ட ‘கென்ட்’, ‘காஸ்பாட்ரிக்’ மக்களையும், பெயர் எழுதப்படாமலே கடலில் அடங்கிய நம் ஊர் முன்னோரையும் இவ்விழாத் திருப்பலியில் நினைத்துக்கொள்வோம். நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்களுக்கு அளிப்பாராக. கடலின் விண்மீனாகிய அன்னை நம் படகுகள் அனைத்தையும் கரை சேர்ப்பாராக.